சதவீதம்: பொருள் என்ன, % குறி எங்கிருந்து வந்தது? 7ஆம் வகுப்புக்கு எப்படிச் சொல்லலாம்?

கணக்குப்பலகை:
வணக்கம். 7ஆம் வகுப்பில் சதவீதம் தொடங்க வேண்டும். "சதவீதம் என்றால் நூற்றில் ஒரு பங்கு" என்று ஒரு வரி சொல்லிவிட்டு, பின்னத்தை 100ஆல் பெருக்கு, தசமப் புள்ளியை இரண்டு இடம் தள்ளு என்று போனால் பிள்ளைகளுக்கு விடை வந்துவிடுகிறது, பொருள் வருவதில்லை. 40க்கு 30 எத்தனை சதவீதம் என்றால் டக்கென்று 75 என்பார்கள். "எது 75?" என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும்.

மூன்று கேள்விகள். முதல் பாடவேளையை எதில் தொடங்கலாம்? இந்த "நூற்றுக்கு" என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது? % குறியில் இருக்கும் கோடும் இரண்டு சுழியும் 100இல் உள்ள ஒன்றும் இரண்டு சுழியும்தான் என்று சொல்லித்தருவது சரியா?

முந்திரிகாணி:
கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். சரியில்லை. நினைவில் வைக்க வசதியாக இருப்பதால் அந்த விளக்கம் பரவிவிட்டது. குறி பிறந்தது எண்ணிலிருந்து அல்ல, எழுத்திலிருந்து.

15ஆம் நூற்றாண்டு இத்தாலி வணிகர்கள் "பெர் செந்தோ" என்று எழுதுவார்கள். "நூற்றுக்கு" என்பதே பொருள். கணக்கேட்டில் ஒரு பக்கத்தில் பத்து முறை எழுத வேண்டிய சொல் என்பதால் சுருக்கினார்கள். 1425ஆம் ஆண்டு வாக்கில் எழுதப்பட்ட ஓர் இத்தாலியக் கையெழுத்துப் படியில் அது அந்த இரு சொற்களின் முதலெழுத்துகளாக (p, c), மேலே ஒரு சின்ன வளையத்தோடு இருக்கிறது. "செந்தோ"வின் கடைசி "ஓ"தான் அந்த வளையம். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் படுத்த கோடு ஒன்று, அதன் மேலும் கீழும் ஒவ்வொரு வளையம் என்று வடிவம் மாறியிருக்கிறது. அப்போதும் முன்னால் "பெர்" என்ற சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் உதிர்ந்தது, கோடு சாய்ந்தது.

பலகையில் இந்த வடிவங்களை வரிசையாக வரைந்து காட்டுங்கள், ஐந்து நிமிடம் போதும். ‰ என்ற குறியையும் பக்கத்தில் போடலாம். ஆயிரத்துக்கு என்பதற்காகப் பின்னால் வந்தவர்கள் % குறியோடு இன்னொரு சுழியைச் சேர்த்துக்கொண்டது அது.

நூத்துக்குரெண்டு:
டீச்சர், முதல் பாடவேளையில் பின்னமே வேண்டாம். நம் பேச்சில் சதவீதம் உயிரோடு இருக்கிற இடம் வட்டி. "ரெண்டு வட்டிக்கு வாங்கியிருக்கான்" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். சில ஊர்களில் அதையே "ரெண்டு பைசா வட்டி" என்பார்கள், அதாவது ஒரு ரூபாய்க்கு மாதம் இரண்டு பைசா. இரண்டும் ஒன்றுதானா என்று பிள்ளைகளிடமே விடுங்கள். 2/100 என்ற பின்னம் அங்கே தானாக வந்து நிற்கும்.

அடுத்து பலகையில் இரண்டு வரிசை. மேலே கடன்: 100, 200, 50, 350, 5,000, 25. கீழே மாத வட்டி: 2, 4, 1, 7, 100, கடைசியில் 50 பைசா. ஆறும் நிரம்பியதும் கேளுங்கள்: "எல்லாவற்றிலும் மாறாமல் இருப்பது எது?" ரூபாய் ஒவ்வொன்றிலும் மாறுகிறது, "நூற்றுக்கு இரண்டு" மாறவில்லை. சதவீதம் என்பது தொகை அல்ல, தொகைக்குத் தொகை உள்ள உறவு என்பது இங்கேதான் பிடிபடும். 75 என்றால் என்ன என்ற உங்கள் கேள்விக்கும் இதுவே வழி: 40க்கு 30 வாங்கியவன் அதே வீதத்தில் 100க்கு எழுதியிருந்தால் 75.

காலத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. வங்கி 9% என்றால் ஆண்டுக்கு. ரெண்டு வட்டி என்றால் மாதத்துக்கு, ஆண்டுக்கு 24%. வங்கியின் 9%ஐ ஊர்ப் பேச்சுக்கு மாற்றினால் 9/12 = 0.75, அதாவது முக்கால் வட்டி. 2ஐயும் 9ஐயும் அப்படியே பக்கத்தில் வைத்து "வட்டிக்கடைதான் மலிவு" என்று முடிவுகட்டும் பிள்ளை கட்டாயம் ஒன்று இருக்கும். அந்தத் தவறை வகுப்பிலேயே நடக்கவிட்டுத் திருத்துங்கள்.

முந்திரிகாணி:
நூத்துக்குரெண்டு சொன்ன அதே கணக்கு ரோமில் அப்படியே இருந்தது. "சென்டெசிமா" என்றால் நூற்றில் ஒன்று. கடனில் அது மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று, ஆண்டுக்கு 12%. நம் பேச்சில் "ஒரு வட்டி". கி.மு. 51இல் சிலிசியா மாகாண ஆளுநராகப் போன சிசரோ அதற்கு மேல் வசூலிக்கக் கூடாது என்று ஆணையிட்டார். சைப்ரஸ் தீவின் சலாமிஸ் நகரத்துக்குக் கொடுத்த கடனுக்கு புரூட்டஸின் ஆட்கள் கேட்டது 48%. சீசரைக் குத்தியவர்களில் ஒருவரான அதே புரூட்டஸ். 48% என்பது மாதம் நூற்றுக்கு நான்கு. 7ஆம் வகுப்புப் பிள்ளைக்கு "நாலு வட்டி" என்றால் அதன் கொடுமை உடனே புரியும்.

வரியிலும் இதே நூறுதான். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் ஏலத்தில் விற்கும் பொருள்களுக்கு நூற்றில் ஒரு பங்கு வரி போட்டார். கி.பி. 17இல் அடுத்த பேரரசர் டைபீரியஸ் அதை இருநூற்றில் ஒன்றாகக் குறைத்தார். அடிமை விற்பனைக்கு 25இல் ஒன்று, வாரிசுச் சொத்துக்கு 20இல் ஒன்று. நான்கையும் பின்னமாகவே எழுதிப் போட்டு, "எது அதிக வரி?" என்று கேளுங்கள். 1/100, 1/200, 1/25, 1/20. கீழே இருக்கும் எண் பெரிதானால் வரியும் பெரிது என்று சிலர் தடுமாறுவார்கள். பிறகு அதையே 1, 0.5, 4, 5 என்று மாற்றி எழுதுங்கள். நூறு எதற்கு என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

நம் பக்கம் வந்தால் அர்த்தசாஸ்திரம். நூறு பணத்துக்கு மாதம் ஒன்றேகால் பணம் நியாயமான வட்டி, வணிகர்களுக்கு 5, காட்டுவழி போகிறவர்களுக்கு 10, கடல் வாணிகத்துக்கு 20 என்று அதில் இருக்கிறது. ஆபத்து கூடக்கூட வட்டி கூடுகிறது, அடி, அதாவது எதற்கு எவ்வளவு என்று ஒப்பிடும் எண், மட்டும் நூறாகவே இருக்கிறது.

12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரரின் லீலாவதியில் ஒரு கணக்கு: நூற்றுக்கு ஒரு மாதத்துக்கு வட்டி 5 என்றால், 16க்கு ஓர் ஆண்டுக்கு எவ்வளவு? இரண்டு நிரலாக எழுத வேண்டும். இடப்பக்கம் 1 மாதம், 100, வட்டி 5. வலப்பக்கம் 12 மாதம், 16, வட்டிக்கு வெற்றிடம். அந்த 5ஐ வலப்பக்கத்துக்குத் தள்ளி, 12 × 16 × 5 = 960. அதை இடப்பக்கம் மீந்த 1 × 100ஆல் வகுத்தால் 9.6. இன்றைய தனிவட்டிச் சூத்திரம் இதுதான். சூத்திரத்தில் வரும் அந்த 100 எதற்கு என்று கேட்கிற பிள்ளைக்கு இதைக் காட்டுங்கள்.

கணக்குப்பலகை:
அருமை. தமிழில் அரைக்கால், வீசம், மா, காணி என்றெல்லாம் பின்னங்கள் உண்டே, அவையும் சதவீதம்தானா?

முந்திரிகாணி:
இல்லை. ஆர்வத்தில் அப்படிச் சொல்லிவிடுகிறார்கள். அவை நூற்றை அடியாகக் கொள்ளவில்லை, ஒன்றைக் கூறுபோட்டவை. கால் 1/4, அரைக்கால் 1/8, மாகாணி அல்லது வீசம் 1/16. இன்னொரு வரிசையில் மா 1/20, அரைமா 1/40, காணி 1/80, அதற்கும் கீழே முந்திரி 1/320.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கோயில் பணத்தைக் கடனாகப் பெற்ற ஊர்ச் சபைகள் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை கட்ட வேண்டும் என்று வருகிறது. பொலிசை என்றால் வட்டி. 12.5% என்று புத்தகங்களில் போடுவது நாம் இன்று மாற்றி எழுதுவது. கல்லில் இருப்பது "காசுக்கு அரைக்கால்". இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். அடி ஒன்றாகவும் இருக்கலாம், நூறாகவும் இருக்கலாம், உறவு ஒன்றே என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

மாற்றிப் பார்க்கும் பயிற்சிக்கு இவை தங்கமான எண்கள். கால் 25%, அரைக்கால் 12.5%, வீசம் 6.25%. ஒருமா 5%, இருமா 10%, மும்மா 15%, நாலுமா 20%, அரைமா 2.5%. காணி 1.25%. மேலே அர்த்தசாஸ்திரத்தின் ஒன்றேகால் பணத்தைச் சொன்னேனே, நூற்றுக்கு ஒன்றேகால் என்றால் 1/80. சரியாக ஒரு காணி.

வடமராட்சி_கணிதம்:
சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. இலங்கையில் "10 வீத அதிகரிப்பு" என்றுதான் செய்தியில் வரும், "சத" விழுந்துவிட்டது. "நூற்றுவீதம்" என்றும் எழுதுவோம். பிள்ளைகளுக்கு உடனே விளங்குவது அதுதான், ஏனென்றால் பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சதம் என்பது வடமொழியில் நூறு, ஆனால் எங்கள் பிள்ளைக்கு அது முதலில் காசு. 100 சதம் சேர்ந்தால் ஒரு ரூபாய். அதனால் "சதவீதம்" என்றதும் ஏதோ சில்லறைக் கணக்கு என்று நினைக்கிறவர்களும் உண்டு. அந்தக் குழப்பத்தையே பிடித்துக்கொள்ளலாம். ஒரு ரூபாயில் 35 சதம் என்பது அந்த ரூபாயின் 35 சதவீதம்.

விழுக்காடு என்ற சொல்லில் நூறு கிடையாது. பங்கு என்பதே அதன் பழைய பொருள். சதவீதம், சதவிகிதம், விழுக்காடு மூன்றும் தேர்வுத்தாளில் வரக்கூடும், ஒன்றுதான் என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

அளவுகோல்:
கையில் பிடித்துப் பார்க்க ஒரு கருவி சொல்கிறேன். தையல் சாமான் கடையில் கிடைக்கும் ஒரு சென்டிமீட்டர் அகல எலாஸ்டிக் நாடா. குழுவுக்கு 40 சென்டிமீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். இழுக்காமல் மேசையில் பரப்பி, இரு முனையிலும் பிடித்துக்கொள்ள 5 சென்டிமீட்டர் விட்டு, நடுவில் 30 சென்டிமீட்டருக்கு 3 சென்டிமீட்டர் இடைவெளியில் பேனாவால் கோடு. மொத்தம் 11 கோடுகள் வரும். 0, 10, 20 என்று 100 வரை எழுத வேண்டும்.

இப்போது 40 சென்டிமீட்டர் நீளமுள்ள ஏதாவது ஒன்றை எடுங்கள். 0 ஒரு ஓரத்தில், 100 மறு ஓரத்தில் படும்படி இழுத்தால் 50 நடுவில் நிற்கும். 20 என்ற கோடு 8 சென்டிமீட்டரில் நிற்கும். அதே நாடாவை 45 சென்டிமீட்டர் பலகைக்கு இழுத்தால் 20 நிற்பது 9 சென்டிமீட்டரில். "20 என்பது 8ஆ, 9ஆ?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

கெட்டுப்போகும் இடங்கள்: பிள்ளைகள் நாடாவின் நுனியைப் பிடிப்பார்கள், 0, 100 கோடுகளைப் பிடிக்க வேண்டும். இழுத்துவைத்துக் கோடு போட்டால் விட்டதும் எல்லாம் நெருங்கி 30ஐவிடக் குறைந்துவிடும். பழைய எலாஸ்டிக் ஒரு பக்கம் மட்டும் நீளும், 50 நடுவில் நிற்காது. 30க்குக் குறைவான பொருளை அளக்கவே முடியாது. ஒன்றரை மடங்குக்கு மேல், அதாவது 45ஐத் தாண்டி இழுக்காமல் இருப்பது நல்லது.

எட்டாம்வகுப்பு:
10 × 10 கட்டத்தாளை யாரும் சொல்லவில்லையே. பாடப்புத்தகமே அதில்தான் தொடங்குகிறது.

அளவுகோல்:
வேண்டாம் என்று சொல்லவில்லை, அதில் தொடங்க வேண்டாம். கட்டத்தாளில் எப்போதும் நூறு கட்டம் இருப்பதால் 35% என்றால் 35 கட்டம் என்று எண்ணியே முடித்துவிடுகிறார்கள். 60 பேர் வகுப்பில் 35% என்றால் 35 பேர் என்பது அங்கிருந்து வருவது. சரியான விடை 21. இரண்டாம் வாரத்தில் கொண்டுவந்தால் கட்டத்தாள் நன்றாக உழைக்கும். 0.5% என்றால் அரைக் கட்டம், நூற்றில் பாதியல்ல என்பதைக் கண்ணால் பார்க்க அதைப்போல வேறில்லை. 150%க்கு இரண்டாவது தாள் எடுத்து அதில் பாதி நிரப்ப வேண்டியிருக்கும்.

எட்டாம்வகுப்பு:
ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் கணக்குப் போடும் முறையையும் தவறுகளையும் நான் எழுதுகிறேன்.

மனக்கணக்குக்கு முதலில் 10%, அதில் பாதி 5%, பத்தில் ஒன்று 1%. 640இல் 17% வேண்டுமா? 10% = 64, 5% = 32, 2% = 12.80. கூட்டினால் 108.80. பெருக்கல் வாய்பாடு தடுமாறும் பிள்ளைகூட இதைச் செய்துவிடும். இன்னொன்று: 25இல் 8% என்பதும் 8இல் 25% என்பதும் ஒன்றே. 8இல் கால்பங்கு 2, முடிந்தது.

தவறுகள் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: "எதில்?" என்று கேட்காமல் விடுவது.

500 ரூபாய்ச் சட்டை 20% விலை ஏறியது, பிறகு 20% இறங்கியது. பழைய விலைக்கே வந்துவிடும் என்று வகுப்பில் பாதிக்கு மேல் சொல்வார்கள். ஏறியபோது அடி 500, அதனால் 600. இறங்கியபோது அடி 600, அதில் 120 போய் 480. எண் ஒன்று, அடி வேறு.

"50% தள்ளுபடி, அதன் மேல் 20%" என்றால் 70% அல்ல. 1,000 முதலில் 500, பிறகு 400. மொத்தத் தள்ளுபடி 60%.

வரி சேர்த்து 590 ரூபாய், வரி 18%. வரி எவ்வளவு? 590இல் 18% கண்டு 106.20 என்று எழுதுவார்கள். 18% போட்டது வரிக்கு முந்தைய விலைக்கு. அந்த விலை 100 என்றால் பில் 118. எனவே 590 ÷ 118 × 100 = 500, வரி 90. "நூற்றுக்கு 18 என்றால் பில்லில் எத்தனை இருக்கும்?" என்று கேட்டாலே 118 வாயில் வந்துவிடும்.

சதவீதங்களின் சராசரி பெரியவர்களும் விழும் பள்ளம். அ பிரிவில் 40 பேரில் 90% தேர்ச்சி, ஆ பிரிவில் 10 பேரில் 50%. மொத்தத் தேர்ச்சி 70% அல்ல. 36 + 5 = 41, 50க்கு 41 என்றால் 82%. ஆட்களாக மாற்றிக் கூட்டிய பிறகே மறுபடி சதவீதம்.

கணக்குப்பலகை:
பிள்ளைகளுக்குத் தெரிந்த பால் பாக்கெட்டை வைத்து ஒன்று யோசித்தேன். சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3%, நிலைப்படுத்திய பாலில் 4.5%. "1.5% அதிகம்" என்று ஒருவரும் "50% அதிகம்" என்று ஒருவரும் சொன்னால் யார் சொல்வது சரி?

எட்டாம்வகுப்பு:
நல்ல கேள்வி டீச்சர். வித்தியாசம் 1.5 சதவீதப் புள்ளி. 3ஐ அடியாக வைத்தால் 50% அதிகம். திருப்பி 4.5ஐ அடியாக வைத்து, "3% பாலில் எவ்வளவு குறைவு?" என்றால் 33⅓% குறைவு. மூன்றும் சரி. "1.5% அதிகம்" என்று மொட்டையாகச் சொல்வதுதான் குழப்பம், 3இல் 1.5% என்று எடுத்தால் 3.045 ஆகிவிடும். சதவீதத்திலிருந்து சதவீதத்தைக் கழித்தால் பின்னால் "புள்ளி" போடப் பழக்குங்கள்.

செய்தியிலும் இது வரும். 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை (வங்கிகளுக்கு அது தரும் கடனுக்கான வட்டி வீதம்) 6.50%இலிருந்து 6.25%ஆகக் குறைத்தது. அது 0.25 சதவீதப் புள்ளி. பழைய விகிதத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 3.85% குறைவு.

நூத்துக்குரெண்டு:
பாடத்தை முடிக்க ஒரு நகைக்கடை பில் போடுங்கள், ‰ முதல் தள்ளுபடிக் கணக்கு வரை எல்லாம் அதில் வருகிறது. நகையில் 916 என்ற முத்திரை ஆயிரத்துக்கு 916 என்பது. 22 காரட் என்றால் 24இல் 22 பங்கு தங்கம், 91.67%. 750 என்று இருந்தால் 18 காரட், 75%.

கணக்கு வசதிக்குக் கிராம் 10,000 ரூபாய், நகை ஒரு பவுன் (8 கிராம்), சேதாரம் 10%, மொத்தத்துக்கு ஜிஎஸ்டி 3% என்று வையுங்கள். தங்கத்தின் மதிப்பு 80,000. சேதாரம் 0.8 கிராம், ஆக 8.8 கிராமுக்கு 88,000. அதில் 3% 2,640. கட்ட வேண்டியது 90,640.

தங்கத்துக்கு மேல் எத்தனை சதவீதம் கொடுத்தோம் என்று கேளுங்கள். 10ஐயும் 3ஐயும் கூட்டி 13 என்பார்கள். 10,640ஐ 80,000ஆல் வகுத்தால் 13.3%. அந்த 0.3% 240 ரூபாய். சேதாரத்துக்கான 8,000க்கும் 3% வரி விழுந்திருக்கிறது, அதுதான் அந்த 240. இதைப் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கட்டும், விடையைப் பலகையில் எழுத வேண்டாம்.

கணக்குப்பலகை:
வட்டி வரிசையில் தொடங்கி, எலாஸ்டிக், கட்டத்தாள், கடைசியில் இந்த பில் என்று வைத்துக்கொள்கிறேன். எலாஸ்டிக் நாடா எட்டுக் குழுவுக்கு 3.2 மீட்டர், நான்கு மீட்டராக வாங்கிவிடலாம் இல்லையா?

அளவுகோல்:
நான்கு மீட்டர் வாங்குங்கள். 25% கூடுதல், இரண்டு நாடா வீணானாலும் தாங்கும்.